சேதுவின் அடுத்த அணி எங்கே வளர்கிறது?

லீக் முடிந்து வீராங்கனைகள் ஊர் திரும்பிய பிறகுதான் ரசிகர்களின் பேச்சு சூடுபிடிக்கிறது. யாரைத் தக்கவைத்தார்கள், யார் கிளம்பிவிட்டார், ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு எந்த நாட்டிலிருந்து ஆள் வருகிறார்? மதுரையில் இந்தப் பேச்சு சேது எஃப்சி பெண்கள் அணியைச் சுற்றி நடக்கிறது. கூட்டம் சிறியது. ஐபிஎல், டிஎன்பிஎல் சத்தத்துக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அணிப் பட்டியலைப் பேசும் அக்கறையில் பாதியையாவது, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் இந்தக் கோடையில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதைப் பேசுவதற்கும் செலவிட வேண்டும். சேதுவின் எதிர்காலம் அங்கேதான் முடிவாகிறது.

அணியின் சாதனை சிறியதல்ல. காரியாபட்டி அருகே புல்லூரில் சேது பொறியியல் கல்லூரியை நடத்துவோரின் ஆதரவில் வளர்ந்த அணி இது. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியபோதே வங்கதேசத்தின் சபினா காதுனையும் கிருஷ்ணா ராணி சர்க்காரையும் அழைத்து வந்தது. அடுத்த ஆண்டே கோப்பை. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்றது. பெண்கள் கால்பந்தின் தாய்வீடாகவே சொல்லப்படும் மணிப்பூரை மதுரைப் பெயர் தாங்கிய அணி வீழ்த்தியதை இந்த ஊர் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த அணியின் முன்வரிசையில் இருந்தவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. அடுத்த சீசனில் அவர் கோகுலம் கேரளாவின் சட்டையில் இருந்தார். நடப்புச் சாம்பியனான சேதுவை அரையிறுதியில் வெளியேற்றிய கோகுலம் கோப்பையையும் வென்றது. லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே. பிறகு பிரான்ஸின் கங்காம்ப் அணி வரை போனார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டக்காரர் மேலே போவது ஆட்டத்தின் இயல்பு. ஆனால் ஒருவர் போனதும் அந்த இடத்துக்கு உள்ளிருந்து எழுந்து வர யாராவது இருந்தாரா என்பதைத்தான் அந்த இடைவெளி மாதங்களில் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்டது, அடுத்து யாரை எடுக்கப் போகிறார்கள் என்று.

2022 மே மாதம் புவனேஸ்வரில் மறுபடியும் அதே கோகுலம். இரண்டு அணிகளும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் வென்றால் கோப்பை என்ற நிலையில் சேது முதலில் கோல் போட்டது. முடிவில் 3-1 எனத் தோற்றது. அப்படி ஓர் ஆட்டத்தையும் மதுரை ரசிகர் செல்போன் திரையில்தான் பார்க்க முடிந்தது. ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என ஆண்டுக்கு ஒரே ஊரில் நடந்த லீக், சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறைக்கு மாறியதே 2023-24 சீசனில்தான். பந்து நெஞ்சில் இறங்கிக் காலுக்கு வருவதைக் கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்த சிறுமிக்கும், திரையில் பார்த்த சிறுமிக்கும் வித்தியாசம் உண்டு.

வெளியிலிருந்து ஆளெடுப்பதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பிய அணிகளின் கதி நமக்குத் தெரியும். சேது கோப்பை வென்ற அதே 2019-இல், மார்ச் மாதம், ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்களின் பலத்தில் சென்னை சிட்டி அணி கோவையில் ஐ-லீக்கை வென்றது. சில ஆண்டுகளில் அந்த அணி லீக்கிலேயே இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் 2023-இல் தன் பெண்கள் அணியைக் கலைத்தது. ஆண்கள் அணி ஆட்டத்தின் நடுவே வெளிநடப்பு செய்ததற்காக விதிக்கப்பட்ட அபராதத்தைக் காரணம் காட்டி, எந்தத் தவறும் செய்யாத பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பணம் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பெண்கள் அணிதான். ஊரில் வேர் இருந்தால் வெட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

அந்த வேரைப் பார்க்க மணிப்பூர் வரை போக வேண்டாம், கடலூர் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் அங்கே ஆண்டுக்கணக்கில் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். சேதுவின் 2019 அணியில் நடுக்களத்தைத் தாங்கிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். இந்தியாவுக்கு ஆடும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர். தமிழ்நாடு 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டம் வாங்கியதிலும், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்றதிலும் இப்படிப்பட்ட உழைப்பின் பங்கு பெரிது. கடலூர் மண்ணில் தனி மந்திரம் எதுவும் இல்லை. ஒரே மைதானத்தில், ஒரே ஆள், விடாமல் நின்றார். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் அப்படி நிற்கக்கூடிய உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது அட்டவணை.

நம் பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நாக்-அவுட்டாக நடக்கின்றன. பதினாறு பள்ளிகள் வந்தால் எட்டுப் பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு பேருந்து ஏறுகின்றன. காலையில் ஷூ கட்டிய பிள்ளை மதியத்துக்குள் கழற்றிவிடுகிறாள். அவளுக்கு அந்த ஆண்டுக் கால்பந்து அதோடு சரி. அதே பள்ளிகளை எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டு முறை மோதும் லீக்காக நடத்தினால், தோற்கிற அணிக்கும் பதினான்கு ஆட்டம் கிடைக்கும். ஆட்டக்காரரை வளர்ப்பது என்பதில் பாதி இந்தக் கணக்குதான். இடது காலால் பாஸ் போடவும், எதிரி நெருங்கும்போது தலை நிமிர்த்திப் பார்க்கவும் பயிற்சியில் சொல்லித்தரலாம். ஆட்டத்தில் பத்து முறை பந்தைப் பறிகொடுத்த பிறகுதான் அது காலில் ஏறும்.

முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு முழங்காலின் முன்புறத் தசைநார் அறுபடும் ஆபத்து ஆண்களைவிட இரண்டு மடங்குக்குமேல். அதற்கு மருத்துவமனை தேவைப்படும் முன்பே செய்யக்கூடிய வழி உண்டு. ஃபிஃபாவின் ‘11+’ என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சிக்குக் கருவியே வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து, 2008-இல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிகிறதா என்று ஆசிரியர் எதிரே நின்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மதுரைப் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் கோடையில் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. இது நமக்கு இன்னும் அவசியம்.

பதினேழு வயதில் பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோரைக் குற்றம் சொல்வது எளிது. அவர்கள் கேட்பது வேலை. இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருக்கிறார் என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்ல வேண்டும். அரசுப் பணிகளில் விளையாட்டுக்கென்று மூன்று சதவீத ஒதுக்கீடு இருப்பதையும், அதற்கு எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும். கல்லூரியின் ஆதரவோடு நடக்கும் சேதுவால் இன்னொன்றும் செய்ய முடியும்: ஒவ்வோர் ஆண்டும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சிலருக்குப் படிப்பும் விடுதியும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்து, யாரெல்லாம் சேர்ந்தார்கள் என்று வெளிப்படையாக அறிவிப்பது.

ஆகவே அடுத்த சீசனின் அணிப் பட்டியல் வரும்போது வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுவதோடு ரசிகர்கள் நின்றுவிடக் கூடாது. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி மாவட்டங்களிலிருந்து எத்தனை பேர், போன சீசனில் அவர்கள் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார்கள் என்று கிளப்பிடம் கேளுங்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடம் கேட்க ஒரே கேள்வி போதும்: ஜூனில் பள்ளி திறக்கும்போது பதின்மூன்று, பதினைந்து வயதுப் பெண்களுக்கான வார இறுதி லீக்கின் அட்டவணை தலைமையாசிரியர்களின் மேசையில் இருக்குமா?