11 வரியை நம்பி நின்றவர்கள்

கம்ப்யூட்டர் நிரல் என்றால் ஒருவரே உட்கார்ந்து முழுவதும் எழுதியது என்று நம் வயதுக்காரர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2009-ல் ரயன் டால் உருவாக்கிய நோட் ஜேஎஸ்ஸில் 'ரிக்வயர்' என்று ஒரு சொல் போட்டால் போதும், யாரோ எழுதி வைத்த துண்டு வந்து சேரும். முதலில் நிரல் இருக்கும் ஃபோல்டரின் 'நோட் மாட்யூல்ஸ்' பெட்டியில் தேடும். இல்லையென்றால் அதற்கு மேலுள்ள ஃபோல்டர், அதற்கும் மேல் என்று உச்சிவரை போகும். உப்பு இல்லையென்றால் அண்ணன் வீடு, பிறகு பெரியப்பா வீடு என்று கேட்டுப் போவது போலத்தான். ஒருமுறை கிடைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். நிரல் ஓடி முடியும்வரை மறுபடி ஏற்றாது.

அந்தப் பெட்டியை நிரப்புவது என்பிஎம் என்ற பொதுக் கிடங்கு. 2016 மார்ச் 22 அன்று அசர் கோசுலு என்பவர், 'கிக்' என்ற பெயர் பற்றிய தகராறில், தாம் அங்கே வைத்திருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட் பேட்'. எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் 11 வரி, அவ்வளவுதான். அதை நம்பியிருந்த பேபல் போன்ற பெரிய கருவிகளையே நிறுவ முடியவில்லை. சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். எடுக்கும் விதியையும் பிறகு இறுக்கினார்கள்.

விதி மட்டும் போதாது என்பது என் கருத்து. மண் சரிந்தால் லாரி வராது என்று தெரிந்த சேரங்கோட்டுக்காரர்கள், மழை பிடிக்கும் முன்பே அரிசி வாங்கி வைப்போம். நம் பென்ஷனும் கரண்ட் பில்லும் இன்று நிரலை நம்பித்தான் நடக்கின்றன. எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: சின்னதை நீங்களே எழுதுங்கள்; பெரியதை வாங்கினால் ஒரு பிரதியைக் கையில் வையுங்கள்.