நூம்பலும் நகராட்சி மன்றமும்



நூம்பலில் மழைத்தண்ணீர் தேங்கினால் முதல் போன் கவுன்சிலருக்குத்தான் போகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வடிய வேண்டிய வழியைக் கொஞ்சம் பாருங்கள். தெருவும் தெருவோர வடிகாலும் திருவேற்காடு நகராட்சியுடையவை. வேலப்பன்சாவடி வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். கடைசியில் போய்ச் சேரும் கூவம் நீர்வளத் துறையிடம். தெருவிளக்கு எரியாவிட்டால் நகராட்சியைக் கேட்கலாம்; தெருவுக்கே கரண்ட் இல்லை என்றால் மின்வாரியம். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமலே பாதிப் புகார்கள் வீணாகின்றன.

இந்தக் குழப்பம் சட்டத்திலேயே தொடங்குகிறது. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாக 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், குப்பை, பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, நகரத் திட்டமிடல் எல்லாம் அதில் உண்டு. அவற்றில் எதை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. அதனால்தான் பொறுப்பு மன்றத்திடமும் அதிகாரம் வேறிடத்திலும் இருக்கின்றன. அந்த மன்றங்களின் பதவிக்காலமும் 2016-ல் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் நகராட்சிகளில் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து, மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அடுத்த மாதமே சொத்துவரி உயர்வு வந்துவிட்டது. அரசு எடுத்த முடிவு அது. மன்றங்கள் தீர்மானம் போட்டன, வீடு வீடாகப் பதில் சொன்னவர்கள் கவுன்சிலர்கள்.

அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். இட ஒதுக்கீட்டால் வந்தவர்கள்தானே என்று சிலர் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. குடிநீர் வராத நாளின் கஷ்டம் வீட்டில் யாருக்கு அதிகம் தெரியுமோ, அவர்கள்தான் மன்றத்தில் உட்கார வேண்டும். அவர்கள் இடத்தில் கணவர் வந்து பேசினால், உறுப்பினர் எங்கே என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கவுன்சிலரை ஒரு தெருவிளக்குக்கும் ஒரு சான்றிதழுக்கும் மட்டுமே தேடிப் போவதை நாம் குறைத்துக்கொள்ளலாம். அவருடைய முதல் வேலை மன்றக் கூட்டத்தில் இருக்கிறது: பட்ஜெட்டில் நம் வார்டுக்கு என்ன வந்தது, எந்த டெண்டருக்கு ஒப்புதல் தரப்பட்டது, எந்தத் தீர்மானத்துக்கு அவர் எழுந்து பேசினார். இதையெல்லாம் கேட்பதற்காகவே வார்டு கமிட்டிகளும் பகுதி சபாக்களும் வந்தன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல நகரவாசிக்கும் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது. அந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், நம் தெருவைப் பற்றி நம்மைக் கேட்காமலே முடிவெடுப்பது எல்லோருக்கும் சுலபமாகிவிடும்.

உங்கள் பகுதி சபா கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நீங்கள் கேட்டதையும் கிடைத்த பதிலையும் எங்களுக்கு எழுதுங்கள், கட்டாயம் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்