கமரா வாங்க முதல், யாரைப் படம் எடுக்கப் போகிறோம் என்று யோசிப்போம்

 

எங்களிடம் படித்த தம்பிமார் உழைக்கத் தொடங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், கமரா ஒன்று எடுக்கப் போறன். எத்தனை சூம் உள்ளதா எடுக்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

எங்கள் முதல் கமராவை நாங்களும் சூம் பார்த்துத்தான் வாங்கினோம். பாவித்த கமரா. கொழும்பில் கடைக்காரர் வாசலில் நின்று தெருவின் அந்தப் பக்கத்துப் பெயர்ப்பலகையைக் கிட்ட இழுத்துக் காட்டினார். மயங்கிப் போனோம். ஊருக்கு வந்து பாடசாலைப் பரிசளிப்பு விழாவை எடுத்தால், மண்டபத்துக்குள் பிள்ளைகளின் முகம் எல்லாம் கலங்கல். பிழை கடைக்காரரில் இல்லை. எங்களுக்கு என்ன தேவை என்று எங்களுக்கே தெரியவில்லை.

"மடங்கு" என்பது லென்சின் கூடிய நீளத்தைக் குறைந்த நீளத்தால் பிரித்து வரும் எண். அவ்வளவுதான். 2018 இல் வந்த நிகோன் பி1000 கமராவின் சூம் 125 மடங்கு. 24 மி.மீ. இல் தொடங்கி 3000 மி.மீ. க்கு ஈடான தூரம் போகும். ஆனால் அதன் சென்சர், கெனனின் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். சென்சரின் பரப்பில் ஏறத்தாழ 12 இல் ஒரு பங்குதான். வெயிலில் நிற்கும் பறவைக்கு அது நல்ல கமரா. ரியூப் லைட் மண்டபத்துக்குச் சரிவராது.

எங்கள் கருத்து இதுதான். வன்னியில் ஆசைக்குப் படம் எடுக்கும் ஒருவருக்கு, பாவித்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் ஒரேயொரு லென்சும் காணும். கெனன் என்றால் 18-135, நிகோன் என்றால் 18-140. ஏன் ஒன்று? இங்கே செம்மண் புழுதி. மைதானத்தில் நின்று லென்ஸ் மாற்றினால் தூசி நேரே சென்சரில் போய் இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் முடியும் இடத்தில் நின்றால் 135 தாராளம். ஷட்டரை 1/1000 செக்கனில் வையுங்கள், கால்கள் கலங்காது. பிறகு கையில் காசு சேர்ந்தால் 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்தது. சூம் லென்சின் எப் 5.6 ஐ விட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். எங்கள் பரிசளிப்பு விழாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சுண்டிக்குளத்துப் பூநாரைதான் வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே 250 உம் போதாது. 150-600 போன்ற லென்ஸ் வேண்டும். அது மட்டும் 2 கிலோவுக்குக் கிட்ட வரும். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டிய பிறகு, அதன் விலையைக் கேட்கவே பயம்.

பாவித்ததை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். லென்சுக்குள் போன் ரோர்ச் அடித்துச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். நிகோன் டி3000, டி5000 வரிசைகளில் போக்கஸ் மோட்டார் இல்லை. பழைய லென்ஸ் மலிவு என்று வாங்கினால் கையால்தான் போக்கஸ் பண்ண வேண்டிவரும்.

இவ்வளவும் கமராக் கதை. சொல்ல வந்தது இனித்தான்.

எங்கள் வாப்பாவின் முல்லைத்தீவு வீட்டைக் காட்ட எங்களிடம் ஒரு படம் கூட இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அல்பம் எடுத்துக்கொண்டு வர யாருக்கும் நேரம் இருக்கவில்லை. புத்தளத்து முகாம் வாழ்க்கையில் வாப்பா சொல்லச் சொல்லத்தான் அந்த வீட்டை நாங்கள் அறிந்தோம். எங்களுடன் படிப்பிக்கும் அக்கா ஒருவரும் தமிழ்ப் பக்கத்தில் இதே கதையைச் சொல்வார். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் அவரின் அம்மாவின் கலியாணப் படமும் போய்விட்டது. இந்த மண்ணில் அல்பம் தொலைக்காத வீடு குறைவு.

அதனால்தான் தம்பிமாரிடம் சொல்கிறோம், நிலவை இழுத்து எடுப்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உம்மாவை எடுங்கள். வயதான பெரியவர்களை, வீட்டை, கிணற்றை, பழைய பள்ளிச் சுவரை எடுங்கள். இதற்கு 18 தொடக்கம் 50 மி.மீ. போதும்.

இன்னொன்றும் உண்டு. நீள சூம் இருந்தால் தூரத்தில் நின்று, ஆளுக்குத் தெரியாமல் எடுக்கலாம். உலர் உணவுப் பொதிக்கு வரிசையில் நிற்கும் உம்மாமாரின் முகம் அப்படித்தான் முகநூலில் வருகிறது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கிட்டப்போக வேண்டிய லென்ஸ் இருந்தால் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும், "எடுக்கவா?" என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டும். இந்தப் பழக்கம் படத்தை விடப் பெறுமதியானது என்பது எங்கள் எண்ணம்.

எடுத்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள். போன் உடைந்தால் எல்லாம் போய்விடும். முக்கியமான பத்துப் படத்தையாவது கழுவி, பெயரும் திகதியும் பின்னால் எழுதி வையுங்கள்.

பாவித்த கமரா வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் ஒருக்கா எங்களிடம் காட்டுங்கள். பாடசாலை விட்ட பிறகு எந்த நாளும் வரலாம். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் படம் எடுக்க ஆள் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள், எங்கள் கமராவுடன் நாங்களே வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.