பாடசாலையின் திறப்பு யார் கையில்?

ஒரு பாடசாலையை மூடுவதற்குப் பூட்டு வேண்டியதில்லை. புதிய மாணவரைச் சேர்க்கலாகாது என்றோர் ஆணை போதும். எஞ்சியதைக் காலம் செய்து முடிக்கும். அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே வோல்ற்றர் டயற் உயர்தரப் பாடசாலைக்கு நேர்ந்த கதி இதற்குச் சான்று பகர்கின்றது.

தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வந்த கறுப்பின மக்கள் குடியேறி வாழ்ந்த பகுதி புறொன்ஸ்வில். அம்மக்களின் பிள்ளைகளுக்கு இசை பயிற்றிய நல்லாசான் வோல்ற்றர் டயற். புகழ்பெற்ற பாடகர் நற் கிங் கோல் அவரிடம் பயின்றவரே. 1969இல் மறைந்த அவ்வாசானின் பெயர் தாங்கி எழுந்த பாடசாலை, 1999இல் உயர்தரப் பாடசாலையாக உயர்ந்தது.

2012இல் நகரக் கல்விச் சபை அதனைப் படிப்படியாக மூடத் தீர்மானித்தது. மாணவரின் தேர்ச்சி போதாது என்பதே காட்டப்பட்ட காரணம். சேர்க்கை நின்றது, பாடங்கள் குறைந்தன. உடற்பயிற்சியைக்கூடக் கணினியின் முன் அமர்ந்து கற்க நேர்ந்ததென மாணவர் முறையிட்டனர். 2015இல் இறுதி வகுப்பில் எஞ்சியோர் 13 பேரே!

தேர்ச்சி குறைந்தால் நல்லாசிரியரையும் நூல்களையும் அனுப்புவதன்றோ முறை? வேருக்கு நீரை நிறுத்திவிட்டு மரம் பட்டுப்போயிற்று என்று கூறுவது எவ்வகை நியாயம்?

மக்கள் வாளாவிருந்தாரல்லர். 2015 ஆகஸ்ட் 17இல் பெற்றோரும் ஊரவருமாக 12 பேர் உண்ணாநோன்பு தொடங்கினர். செப்ரெம்பர் 3இல் சபை இறங்கி வந்தது. கலைப் பாடசாலையாக மீண்டும் திறப்போம் என்றது. ஆனால், பசுமைத் தொழில்நுட்பத்தை முதன்மையாகக் கொண்டு ஊரவர் வகுத்த திட்டத்தை அது ஏற்கவில்லை. எனவே நோன்பு தொடர்ந்தது. 34 நாட்கள் நீடித்தது. 2016இல் பாடசாலை மீண்டும் திறக்கப்பட்டது.

இது முழு வெற்றியா? அன்று என்போம். கதவு திறந்தது, திறப்போ சபையின் கையிலேயே இருந்தது. 1995இல் வந்த சட்டப்படி, அச்சபையின் உறுப்பினரை நியமித்தவர் மேயர். மேயருக்கு வாக்களித்த பெற்றோர், தம் பிள்ளைகளின் கல்வியை ஆளும் சபைக்கு வாக்களிக்க வழியில்லை. குறையின் வேர் அங்கேதான் இருந்தது.

அவ்வேரும் பின்னர் அசைந்தது. நோன்பில் பங்குகொண்ட பிரண்டன் ஜோன்சன் 2023இல் மேயராகத் தெரிவானார். 2021இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2024இல் சபையின் 21 ஆசனங்களுள் 10க்கு முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. 2027 முதல் எல்லா ஆசனங்களும் மக்களாலேயே நிரப்பப்பட வேண்டுமென அச்சட்டம் விதிக்கின்றது.

தேர்ந்த சபையும் தவறிழைக்கக்கூடும். ஆனால் அதனைத் தட்டிக்கேட்கப் பெற்றோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிள்ளையை ஒப்படைப்பவருக்குப் பாடசாலையின் திறப்பிலும் உரிமை உண்டு என்பதே எமது துணிபு.