மேல் பூச்சும் உள் அழுக்கும்

(இரண்டாம் ஆண்டு மாணவன், தோல் தொழில்நுட்பம்)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் பத்து வருட அழுக்கை ஒரு கோட் கலரில் மறைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அப்படி நம்பியவர்களில் ஒருவர் என் அப்பா.

நண்பர்களே! என் அப்பா வேலூரில் சிறிய குஷன் கடை வைத்திருக்கிறார். இருபத்தைந்து வருட சர்வீஸ். ஃபோம் வெட்டுவது, ஸ்பிரிங் கட்டுவது, தையல் போடுவது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்த ஃபீஸும் ஊசி நூலில் வந்த காசுதான்.

போன வருடம் ஒரு வீட்டில் பிரவுன் கலர் லெதர் சோபா ரிப்பேருக்கு அழைத்தார்கள். தலை சாயும் இடம் கறுத்துப்போய், கை வைக்கும் இடத்தில் கலர் தேய்ந்துபோய் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், ஒரே நாள்ல புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார் வீட்டுக்காரர். பேரம் பேசிக் கூலியையும் குறைத்தார். அப்பா ஈரத்துணியால் துடைத்தார், பிரஷ்ஷால் கெட்டியாகக் கலர் அடித்தார், மேலே மரச்சாமானுக்கு அடிக்கிற லேக்கரை ஏற்றினார். சோபா பளபளவென்று கண்ணைப் பறித்தது. பாதிப் பணம் கைக்கு வந்தது.

இரண்டே மாதம்! தலை சாயும் இடத்தில் பூச்சு வெயிலில் வெந்த முதுகுத்தோல் மாதிரி உரிந்தது. உட்காரும் இடத்தில் கோடு கோடாக வெடிப்பு. கைப்பிடிக் கலர் அந்த வீட்டுப் பெண்ணின் வெள்ளைச் சுடிதாரில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் கடைக்கே வந்து, நாலு பேர் பார்க்க "ஏமாத்துக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "நாளைக்குப் போயி இன்னொரு கோட் நல்லா அடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன்டா" என்றார்.

"வேண்டாம்பா" என்றேன். அப்பாவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்த 'வேண்டாம்' என்பதைத்தான். கெட்டுப்போன பூச்சின் மேல் போடுகிற பூச்சு ரிப்பேர் ஆகாது. அது தவறுக்கு வட்டி கட்டுகிற வேலை. உரிகிற பூச்சின் மேல் எவ்வளவு நல்ல கலர் அடித்தாலும், அடியில் இருப்பது உரியும்போது மேலே இருப்பதும் சேர்ந்து உரியும்.

ஏன் உரிந்தது? விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் அப்பாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். சோபாவின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். ஊறாமல் முத்து மாதிரி நின்றது. அப்படியானால் அது பிக்மென்ட் பூச்சுள்ள தோல், மறுபடி கலர் ஏற்றலாம். தண்ணீர் உள்ளே ஊறிக் கறுத்திருந்தால் அது அனிலின் வகையாக இருக்கலாம். அதற்கு இந்த வைத்தியம் சரிப்படாது. தோலே இல்லாமல் துணிமேல் பாலியூரித்தேன் பூசிய ரெக்சினாக இருந்து, காற்று ஈரத்தில் அது மக்கி உரிந்திருந்தால், எந்தக் கலரும் காப்பாற்றாது. துணியை மாற்றுவதுதான் வழி.

மூன்று தப்புகள் நடந்திருந்தன. முதலாவது, தலையில் தடவும் தேங்காய் எண்ணெய்! வருடக்கணக்கில் அதுவும் வியர்வையும் தோலுக்குள் இறங்கியிருந்தன. ஈரத்துணிக்கு எண்ணெய் போகுமா? எண்ணெய்மேல் கலர் பிடிக்குமா? இரண்டாவது, கலர் நன்றாக ஏற வேண்டும் என்று பிக்மென்ட்டை அள்ளிப்போட்டு பைண்டரைக் குறைத்திருந்தார். பிக்மென்ட் நிறம் தரும், அதைத் தோலோடு பிடித்து வைப்பது பைண்டர்தான். மூன்றாவது, லேக்கர். மரம் மடங்காது, தோல் மடங்கும். ஆள் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் தோல் மடிகிறது. விறைத்த லேக்கர் வெடிக்காமல் என்ன செய்யும்? நம் லேபில் பாலி ஃபிளெக்ஸோமீட்டரில் தோல் துண்டை ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்க்கிறோமே, அது எதற்கு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

விடுமுறை முடிந்து வந்ததும் ஃபினிஷிங் லேப் ஆசிரியரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னபடி நானும் அப்பாவும் நான்கு நாள் வேலை செய்தோம். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பு நெருப்பு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பஞ்சில் தின்னர் தொட்டு உரிந்த பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அவசரப்பட்டால் கம்பெனியில் போட்ட அசல் பூச்சும் கரைந்துவிடும், அதனால் மறைவான மூலையில் முதலில் சோதித்தோம். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். பஞ்சு பழுப்பாக வந்தது. இரவு விட்டுவிட்டு காலையில் பார்த்தால் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்திருந்தது. மறுபடி துடைத்தோம். பஞ்சு வெள்ளையாக வரும்வரை அப்பா கலர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதன் பின் நைஸ் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெடிப்புகளில் ஃபில்லரை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டோம். ஒரு கெட்டிக் கோட்டுக்குப் பதில் நாலு மெல்லிய கோட்டு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. நிறத்தை டியூப்லைட்டில் ஒரு தடவை, வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தோம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாய்த் தெரிவது இன்னொன்றில் வேறாய்த் தெரியும். கடைசியாக, தோலுக்கென்றே உள்ள வளையக்கூடிய மேட் டாப் கோட்டில் கிராஸ்லிங்கர் கலந்து அடித்தோம். காய்ந்தபின் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அப்பா அந்தத் துணியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேலை நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். ஜன்னல் பக்கத்துக் கைப்பிடியில் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. அப்பாவே அதை வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாமே?" என்றார்.

அப்பா சொன்னார்: "தெரியலைங்க."

மீதிப் பணம் வந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. இருபத்தைந்து வருடம் உழைத்த ஒரு தொழிலாளி "தெரியலைங்க" என்று தலைகுனிகிறார். அவருக்குத் தெரியாதது என்ன பரம ரகசியமா? நம் லேப் சுவரில் சார்ட்டாகத் தொங்குகிறது! சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலை நம்பியே ஊர்கள் வாழ்கின்றன. இத்தனை இருந்தும் அந்த அறிவு ஒரு குஷன் கடைப் படி ஏறவில்லை. ஏன்? புத்தகம் இங்கிலீஷில். நாம் படிப்பதோ புதுத் தோலுக்குப் பூச்சு போட. பழைய தோலை எப்படிக் காப்பாற்றுவது என்று நான் படித்த பாடங்களில் ஒரு பக்கம்கூட இல்லை.

"கஸ்டமர் கேக்கிறது பளபளப்பு, அதைக் குடுத்துட்டுப் போடா" என்கிறான் என் ரூம் நண்பன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாளில், பாதிக் கூலியில் கேட்டால் பளபளப்புதான் கிடைக்கும். தப்பில் பங்கு கேட்டவருக்கும் உண்டு. சுத்தம் செய்யும் இரண்டு நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை, கண்ணுக்குத் தெரியும் கலருக்குத்தான் தருகிறார்கள். ஆனால் திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் செய்தவர்தான். அதனால்தான் செய்கிறவர் முதலிலேயே "இதற்கு நாலு நாள் ஆகும், இது முடியும், இது முடியாது" என்று தைரியமாகச் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் விஷயம் தெரிந்தால்தான் வரும்.

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் ஃபினிஷிங் லேபை ஊர் குஷன் கடைக்காரர்களுக்குத் திறந்துவிட முதல்வரிடம் அனுமதி கேட்போம். தண்ணீர்ச் சொட்டு, எண்ணெய் நீக்குவது, மெல்லிய கோட்டு, வெள்ளைத் துணிச் சோதனை ஆகிய நாலையும் ஒரே தாளில் தமிழில் அடித்துக் கொடுப்போம். அவர்கள் நமக்குத் தையலும் ஸ்பிரிங்கும் கற்றுக்கொடுக்கட்டும். அதில் நாம் பூஜ்யம் என்பது நமக்கே தெரியும்.

டிப்ளமோவும் ஒரு பூச்சுதான் தோழர்களே. அடியில் அழுக்கு இருந்தால் அதுவும் இரண்டே மாதத்தில் உரியும். முதல் சனிக்கிழமைக்கு என் அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் வருவீர்களா?