மலைக்கிராமத்துக்குப் பூஸ்டர்: நிறுவனங்களே வைத்துத் தரட்டும்

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரிக்கரையில் போனில் நிறைவாக டவர் காட்டும். அருவிக்குப் படியிறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு கோடாகக் குறையும். சுற்றுலா வந்தவருக்கு அது அரை மணி நேரத் தொல்லை. சேர்வராயன் மலையின் சரிவுகளிலும், நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கத்துப் பள்ளங்களிலும் குடியிருப்பவர்களுக்கோ அதுதான் அன்றாடப் பாடு. ஜன்னல் கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டி அதற்குள் போனைப் போட்டு வைப்பதும், மணி அடித்தால் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவதும், மேட்டில் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் நின்றுதான் பேசுவதும் தமிழகத்தின் மலையூர்களில் பழகிப்போன காட்சிகள். பழகிப்போனதாலேயே அது சரியாகிவிடாது.

டவர் எட்டாத வீட்டில் பேச்சு மட்டும் நிற்பதில்லை. வங்கியிலிருந்து வரும் ஓடிபி சில நிமிடங்களில் செல்லாததாகிவிடுகிறது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்க, வரிசை காத்துக் கிடக்கிறது. 2023 ஜனவரி முதல் 100 நாள் வேலைக்குச் செயலியில் வருகைப் பதிவு கட்டாயம் என்றார்கள். பணியிடத்திலேயே ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று விதி செய்தவர்கள், வேலை மலைச்சரிவிலும் நடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரியது உயிர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு வந்த பெருமழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது; மின்சாரமும் போனது. அப்படியொரு இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக 108-ஐ அழைக்க மேட்டுப் பாறையைத் தேடிப் போகச் சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

இந்த இடைவெளியில்தான் பூஸ்டர் வீடு தேடி வருகிறது. இணையக் கடைகளிலும் நகரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி விற்கப்பட்டு வந்திருக்கிறது. கூரைமேல் ஓர் ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கருப்புக் கேபிள், சுவரில் இந்தப் பெட்டி, அறைக்குள் இன்னொரு சிறிய ஆன்டெனா. வெளியே கிடைக்கும் மெலிந்த சிக்னலைப் பெருக்கி உள்ளே தரும். போன் அனுப்புவதைப் பெருக்கி டவருக்கு அனுப்பும். தகரக்கூரை போட்ட எஸ்டேட் லைன் வீட்டுக்கும், கனத்த கல்சுவர் எழுப்பிய பழைய பங்களாவுக்கும் இது வரப்பிரசாதமாகத் தெரிவதில் வியப்பில்லை. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் ஈர இலைகள் வடிகட்டி, மலைமுகடு மறைத்து, கடைசியில் தகரம் தடுத்த பிறகு அந்த வீடுகளுக்குள் எஞ்சுவது மிகச் சொற்பம்.

ஆனால் அதை வாங்கி மாட்டுவது சட்டப்படி குற்றம். கம்பியில்லாக் கருவி எதையும் உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த நிலையை மாற்றவில்லை. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று 2022 ஜூலை 1-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது.

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நல்ல பூஸ்டர் ஒன்றின் பெருக்கம் 70 டெசிபல் வரை போகும். 70 டெசிபல் என்றால் ஒரு கோடி மடங்கு. அவ்வளவு பெருக்கும் கருவி, தன் வீட்டுக்காரரின் பேச்சை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்குவதில்லை. அந்த அலைவரிசையில் உள்ள எல்லாவற்றையும், இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி டவரின் காதில் கொட்டுகிறது. டவருக்கு மலைமுகட்டிலிருந்து வரும் மெல்லிய அழைப்புகள் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகின்றன. கூரை ஆன்டெனாவும் அறை ஆன்டெனாவும் போதிய இடைவெளியின்றி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால் காதைக் கிழிக்குமே, அதே ஊளைதான். காதுக்குக் கேட்காத அலைவரிசையில் நடக்கிறது. ஒரு தங்கும் விடுதியின் கூரையில் இப்படியொரு மலிவுப் பெட்டி ஊளையிட்டால், சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் காரணம் தெரியாமலே பேச்சு அறுந்து தவிப்பார்கள். விடுதி விருந்தினருக்கு டவர் கிடைக்கும். பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பின் 108 அழைப்பு போகாது. காசுள்ளவர் பெருக்கிக்கொள்ள, இல்லாதவர் இழக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நாம் ஆதரிக்க முடியாது.

ஆகவே "யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளட்டும்" என்பது நம் கோரிக்கை இல்லை. நாம் கேட்பது இதுதான்: தானாக வழி தேடிக்கொள்வதைக் குற்றம் என்று சொல்லும் அரசு, வழி செய்து தரும் கடமையையும் ஏற்க வேண்டும். சட்டம் பூஸ்டரை முற்றிலும் தடை செய்யவில்லை. நிறுவனங்கள் வைக்கலாம் என்கிறது. நகரத்து மால்களிலும் ஐ.டி. வளாகங்களிலும் கட்டடத்துக்குள் சிக்னல் கொண்டுவரும் வேலையை நிறுவனங்களே முன்னின்று செய்து தருகின்றன. அங்கே வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது, வருமானம் இருக்கிறது. பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட மலைக்குடியிருப்பில் அவை இல்லை. ஆனால் அங்கேயும் மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறார்கள். மலை என்பதற்காக அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் குறைத்து வாங்குவதில்லையே!

வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால், நிறுவனம் நேரில் வந்து அளந்து பார்க்க வேண்டும். வெளியே ஓரளவேனும் சிக்னல் இருந்தால், 60 நாட்களுக்குள் தன் டவருக்குப் பொருத்தமாகச் சரிசெய்த, தன் கணக்கில் பதிவுசெய்த பூஸ்டரை மாட்டித் தர வேண்டும். ஊளையிடத் தொடங்கினால் தானே அணைந்துகொள்ளும் கருவியாக அது இருக்க வேண்டும். இது நடக்கக்கூடியதுதான். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2013-இலேயே இதற்கு விதி வகுத்தது. சான்றிதழ் பெற்ற கருவியை நிறுவனத்தின் ஒப்புதலோடு, பதிவு செய்து, வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், வரம்புகளுக்கு உட்பட்ட வீட்டு ரிப்பீட்டர்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று 2018-இல் முடிவெடுத்தது. இரு நாடுகளிலும் மொபைல் சேவை முடங்கிவிடவில்லை. நம்மிடமும் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் இருக்கிறது. வீட்டுப் பூஸ்டருக்கு ஒரு தரத்தை அது வகுத்துத் தரட்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமப்புறச் சேவைக்கென்று செலுத்துகின்றன. உலகளாவிய சேவைக் கடமை நிதி என்று 2002-இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. டவரே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது இந்த நிதியை நம்பித்தான். நல்ல திட்டம். ஆனால் டவர் எட்டிய ஊர், எட்டாத ஊர் என்று இரண்டே கட்டம் போட்டுப் பார்க்கும்போது, மேட்டில் கிடைத்துப் பள்ளத்தில் கிடைக்காத, வாசலில் கிடைத்து அடுப்படியில் கிடைக்காத கிளியூர் போன்ற ஊர்கள் எந்தக் கட்டத்திலும் சேராமல் நழுவிவிடுகின்றன. எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தை 2024 அக்டோபர் முதல் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. அந்த வரைபடம் ஊருக்கு மேலே வண்ணம் பூசுகிறது. தகரக்கூரைக்குக் கீழே என்ன கிடைக்கிறது என்பது அதில் தெரியாது.

எங்கும் சிக்னலே இல்லாத பள்ளங்களும் உண்டு. அங்கே பூஸ்டர் பயன்படாது. பெருக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். அங்கே வேண்டியது சிறிய டவர், அதைவிட விரைவாகச் செய்யக்கூடியது ரோமிங். ஒரு நிறுவனத்தின் டவர் மட்டும் எட்டும் இடத்தில் மற்ற நிறுவனங்களின் சிம்மும் அதிலேயே வேலை செய்யும் ஏற்பாடு இது. டிஜிட்டல் பாரத் நிதியில் எழுப்பிய டவர்களில் 2025 ஜனவரியில் இதைத் தொடங்கிவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோதும் இதே வசதியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். சென்னைக்குச் சில நாட்கள் வந்த அவதி, மலைக்காரர்களுக்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, ஜவ்வாது மலைகளில் எந்த நிதியில் எழுப்பிய டவராக இருந்தாலும் இந்த ரோமிங்கை நிரந்தரமாகத் திறந்துவிடத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. நிறுவனங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் மனம்தான் வேண்டும்.

வைஃபை வழியாகப் பேசும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் அரசுத் திட்டமும் நடக்கிறது. கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் குடியிருப்புகளுக்கும் வந்தால் பெரும் உதவிதான். ஆனால் தோட்டத் தொழிலாளியின் கையில் இருக்கும் பட்டன் போனில் பொதுவாக அந்த வசதி கிடையாது. ஏழைக்குக் கிடைக்காத வழியை முதல் வழியாகக் காட்டக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் பூஸ்டர் வைத்தவர்களை என்ன செய்வது? அபராதம் விதிப்பதில் முதலில் வீட்டுக்காரரைத் தேடிப் போகாதீர்கள். சட்டவிரோதம் என்று ஒரு வரிகூட எழுதாமல் விற்றவர்களையும், அதற்கு இடம் கொடுத்த இணையக் கடைகளையும் பிடியுங்கள். வீட்டுக்காரர் தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கின்றி வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் நிறுவனத்தின் பூஸ்டரை மாட்டுங்கள். எந்த வீட்டில் சிக்னல் இல்லை என்று அந்தக் கருவியைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

இதற்கெல்லாம் தொடக்கமாக, சேலம் மாவட்ட ஆட்சியர் ஏற்காடு வட்டத்தின் ஒவ்வொரு குடியிருப்புக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களை அனுப்பி, வீட்டுக்குள் வைத்து அளந்த அளவீட்டை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை மலைப்பாதையை அடைக்கும் முன் அந்தப் பட்டியல் சென்னையிலுள்ள தொலைத்தொடர்புத் துறை அலுவலகத்தின் மேசையில் இருக்க வேண்டும்.