வராதவரைத் தேடும் பங்கே வாழும் பங்கு



திருநாள் முடிந்த மறுநாள் காலையில் ஆலய வளவு எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கொடி இறக்கப்பட்டிருக்கும். ஒலிபெருக்கிக்காரர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பார். முந்திய நாள் திருச்சொரூபப் பவனியில் நடந்தவர்களின் மெழுகுதிரித் துளிகள் மணலில் உறைந்து கிடக்கும். கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த உறவினர்கள் பயணப் பொதிகளைக் கட்டிக்கொண்டிருப்பர். “இம்முறை திருநாள் நல்ல சிறப்பு, நல்ல சனம்” என்று மூப்பரும் சபையினரும் மனநிறைவோடு பேசிக்கொள்வர். பங்குத்தந்தையும் மகிழ்வார். அம்மகிழ்ச்சியில் தவறேதுமில்லை. ஆயினும், அந்தச் சனத்திரளைக் கண்டு, நமது பங்கு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாமா? இவ்வாரம் நாம் சிந்திக்க விழைவது இக்கேள்வியையே.

திருவெளிப்பாட்டு நூலின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட திருமுகங்கள் உள்ளன. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவரைப் போல ஆண்டவர் ஒவ்வொரு சபையையும் அவற்றில் சோதித்துப் பார்க்கிறார். எபேசு சபை உழைப்பிலும் மனவுறுதியிலும் குறைவற்றது. ஆனால் தொடக்கத்தில் கொண்டிருந்த அன்பைக் கைவிட்டுவிட்டது. சர்தை சபைக்கு உயிருள்ள சபை என்ற பெயர் உண்டு. உண்மையில் அது இறந்த நிலையில் இருக்கிறது. இலவோதிக்கேயா தன்னிடம் எல்லாம் உண்டு என எண்ணுகிறது. தன் வறுமையை அது அறியவில்லை. மாறாக, ஏழ்மையாலும் துன்பத்தாலும் நெருக்கப்பட்ட சிமிர்னாவிலும், ஆற்றல் குறைந்த பிலதெல்பியாவிலும் ஆண்டவர் குறை காணவில்லை. எந்தச் சபையிலும் எத்தனை பேர் கூடினர் என்றோ, எவ்வளவு பணம் சேர்ந்தது என்றோ அவர் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இக்கேள்வியைப் பிறரிடம் எழுப்புமுன், என் குறையொன்றை வாசகர்முன் வைப்பதே முறையாகும். 2022ஆம் ஆண்டு நான் வடபகுதியின் கரையோரப் பங்கொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நாட்டின் பொருளாதாரம் சரிந்திருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் நாட்கணக்கில் கரையில் கிடந்தன. கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்த குடும்பங்களே அப்பங்கில் அதிகம். எனினும், திருநாளைக் குறைக்கக்கூடாது என்று நாம் துணிந்தோம். குடும்பத்துக்கு 5,000 ரூபா என்று அருட்பணிச் சபை தீர்மானித்தது. நானும் ஒப்புதல் அளித்தேன். கொடியேற்றத்துக்கு முன்னைய ஞாயிறன்று, பணம் செலுத்தாத 11 குடும்பத் தலைவர்களின் பெயர்கள் ஆலய முகப்பிலுள்ள அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டன. ஆண்டுதோறும் அவ்வாறு செய்வதே வழக்கம் என்றார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் திருநாள் சிறப்பாகவே நடந்தேறியது.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் வீடுகளைச் சந்திக்கச் சென்றேன். கரையோரத்தின் கடைசி வீட்டில் ஒருவர் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். தேநீர் கொண்டுவரச் சொன்னார். பேச்சினிடையே, ஆலயப் பக்கம் அவரைக் காணவில்லையே என்று வினவினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், கோபமேதுமின்றிச் சொன்னார்: “சுவாமி, நான் திருநாள் காசு கட்டேல்லை எண்டது ஊருக்கே தெரிஞ்சது. ஏழு மாசமா கோயிலுக்கு வரேல்லை எண்டது ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

நான் பதிலின்றி இருந்தேன். அறைக்குத் திரும்பியதும் மறைக்கல்வி வரவுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அவருடைய மகளின் பெயருக்கு எதிரே ஞாயிறு தவறாமல் வரவின்மைக் குறி இடப்பட்டிருந்தது. ஆசிரியை தமது கடமையைச் செய்திருந்தார். அப்பதிவேட்டை எவரும் வாசிக்கவில்லை. பங்குத்தந்தையாகிய நானும் வாசிக்கவில்லை. திருநாள் கணக்கேட்டையோ ஒரு ரூபா பிசகாமல் மும்முறை சரிபார்த்திருந்தேன். பணத்தை எண்ணினோம், ஆட்களை எண்ண மறந்தோம்.

காணாமற்போன ஆட்டின் உவமையை (லூக்கா 15:3-7) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச்சென்ற ஆயனின் இரக்கத்தைப் பற்றி நானும் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால், அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒரு செயலை அந்நாளில்தான் உணர்ந்தேன். நூறில் ஒன்று குறைகிறது என்று அறிவதற்கு, ஆயன் தன் ஆடுகளை எண்ணியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டிருக்க வேண்டும். எண்ணாதவனுக்குத் தேடவேண்டிய தேவையே எழாது. தொண்ணூற்றொன்பதும் அவன் கண்களுக்கு நிறைந்த மந்தையாகவே தோன்றும். திருநாளன்று நிரம்பி வழியும் ஆலயம் நம் கண்களை மறைப்பதும் இவ்வாறே.

தொடக்கத் திருச்சபை இச்சோதனையை எவ்வாறு எதிர்கொண்டது? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இதனை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. சீடரின் தொகை பெருகிவந்த காலத்திலேயே, அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் குழப்பக்காரர் எனக் கண்டிக்கவில்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள். எழுவரைத் தெரிந்துகொள்ளப் பணித்தார்கள். தெரிவு செய்யப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. புறக்கணிக்கப்பட்டோர் எந்தப் பக்கத்தினரோ, அந்தப் பக்கத்தினரின் கைகளிலேயே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதிலிருந்து நாம் உணரலாம். அதன் பின்னர்தான் இறைவார்த்தை பரவியது என்றும், எருசலேமில் சீடர்களின் எண்ணிக்கை மிகவும் பெருகியது என்றும் ஏழாம் வசனம் கூறுகின்றது. முறைப்பாடு இல்லாமை ஒரு பங்கின் நலத்துக்குச் சான்றாகாது. முறைப்பாட்டைக் கேட்கும் செவியும் அதன்படி மாறும் மனமுமே சான்றாகும்.

திருச்சபையின் சட்டமும் இதனையே கேட்கிறது. 1983இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 515ஆம் சட்டம் பங்கு என்பதைக் கட்டடமாகவோ நிலப்பரப்பாகவோ வரையறுக்கவில்லை. கிறிஸ்தவ விசுவாசிகளின் நிலையான ஒரு சமூகமாகவே வரையறுக்கிறது. பங்குத்தந்தை தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை அறிந்திருக்க முயலவேண்டும், குடும்பங்களைச் சந்திக்கவேண்டும், அவர்களின் கவலைகளிலும் துயரங்களிலும் பங்குகொள்ளவேண்டும், ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்திருப்போரையும் சிறப்பான அக்கறையுடன் தேடிச்செல்ல வேண்டும் என்று 529ஆம் சட்டம் பணிக்கிறது. குருமடத்தில் நான் இச்சட்டத்தைப் படித்துத் தேர்வும் எழுதியவன். ஆயினும், அதன் பொருளை அக்கடைசி வீட்டிலேதான் கற்றேன்.

நமது மண்ணின் விசுவாச வரலாறும் இதற்குச் சாட்சி பகர்கின்றது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், மக்கள் மேய்ப்பரின்றி இருந்தனர். திருநாளில்லை, பவனியில்லை, கூடுவதற்கு ஆலயமுமில்லை. அடிகளார் பிச்சைக்காரரின் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகச் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடினார் என்பது நாமறிந்த வரலாறு. பின்னர் சில்லாலைக் கிராமத்தைத் தளமாகக் கொண்டு இரவு வேளைகளில் பணியாற்றினார். தாம் இல்லாத நாட்களிலும் மக்கள் கூடிச் செபிக்கவும், பிள்ளைகள் மறைக்கல்வி பெறவும், நோயாளர் கவனிக்கப்படவும் மூப்பர், அண்ணாவி எனப்பட்ட பொதுநிலையினரை அவர் பொறுப்பில் அமர்த்தினார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, இலங்கைத் திருச்சபை மீண்டும் எழுந்து நின்றது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அப்புனிதரின் பணி கூட்டத்தை வரவழைத்ததில் தொடங்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியதில் தொடங்கியது.

இன்று நாம் நமது பங்கை எவ்வாறு சோதித்துப் பார்ப்பது? நான்கு கேள்விகள் போதுமானவை.

முதலாவது, யார் வரவில்லை? எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட இதுவே கடினமான கேள்வி. பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டில் வாழ, பணம் மட்டும் மாதந்தோறும் வந்துசேர, ஆலயத்துக்கு அழைத்துவர ஆளின்றிக் கட்டிலில் செபமாலை சொல்லும் தாய்மார் நம் பங்குகளில் எத்தனை பேர்? அவர்களின் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் நாம் மணிக்கோபுரம் எழுப்பியிருப்போம். அதன் ஓசை அத்தாயின் காதிலும் விழும். அவரை நாடிச் செல்லும் காலடிகள்தாம் இரா.

இரண்டாவது, நமது கணக்கேடு எதனைக் கூறுகின்றது? வாணவேடிக்கைக்கும் மின்னலங்காரத்துக்கும் செலவிட்ட தொகைக்கு அருகில், நோயாளருக்கும் படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்கும் செலவிட்ட தொகையை எழுதிப் பார்ப்போம். ஆண்டவரின் பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் நிறைவாக உண்டதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (11:17-22) புனித பவுல் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, யாருடைய குரல் கேட்கப்படுகின்றது? அருட்பணிச் சபையில் ஆண்டாண்டாக அதே முகங்கள்தாமா? பெண்களும் இளையோரும் தேநீர் பரிமாறவும் கதிரை அடுக்கவும் மட்டுமா? திருச்சொரூபத்தைத் தோளில் சுமக்கும் உரிமையும் முதல் வரிசை இருக்கைகளும் இன்னமும் பிறப்பைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றனவா? இதனை எழுதுவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால், சபைக்கூட்டத்தில் ஆள்பார்த்து இடமளிப்பதை யாக்கோபு திருமுகம் (2:1-4) மூடிமறைக்காதபோது, நாம் மட்டும் ஏன் மூடிமறைக்க வேண்டும்?

நான்காவது, குருவானவர் இல்லாத நாளில் பங்கில் எஞ்சுவது என்ன? அவர் மாற்றலாகிச் சென்றதும் செபக்கூட்டங்கள் நின்றுபோகுமாயின், நாம் வளர்த்தது ஒரு மனிதரின் செல்வாக்கையே, சமூகத்தையன்று.

மீண்டும் அக்கரையோரப் பங்குக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அப்பெயர்ப் பட்டியலுக்காகப் பங்குமக்கள்முன் மன்னிப்புக் கேட்டேன். சபையில் சிலர் அதனை விரும்பவில்லை. பங்கின் மானம் போயிற்று என்றனர். எனினும், அவ்வாண்டுத் திருநாளுக்குக் கட்டாயத் தொகை விதிப்பதில்லை என்று நீண்ட விவாதத்தின் பின் தீர்மானித்தோம். மின்விளக்குகள் பாதியாகக் குறைந்தன, திருநாள் குறைந்துபோகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் கால் மணிநேரம் கூடி, யாரைக் காணவில்லை, யார் சென்று பார்ப்பது என்று மட்டும் பேசத் தொடங்கினர். அதனால் அறிந்தவை எங்களை வெட்கமுறச் செய்தன. வேறொரு சபைக்குச் சென்றுவிட்ட குடும்பத்தை உறுதியற்றவர்கள் என்று பழித்திருந்தோம். வீட்டுத் தலைவி மருத்துவமனையில் மூன்று வாரங்கள் கிடந்தபோது, அந்தச் சபையினர் நாள்தோறும் வந்து பார்த்தார்கள் என்பதும், நம்மவர் ஒருவரேனும் செல்லவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

அந்த மீனவச் சகோதரர் பாஸ்காத் திருவிழிப்பில் பின்வாசலருகே வந்து நின்றார். அதன்பின் ஞாயிறு தவறாமல் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அவர் வராத ஞாயிறுகளில் அன்பியத்தவர் ஒருவரேனும் அவருடைய படலையைத் திறந்து உள்ளே சென்றனர். அப்பங்கு நலம்பெறத் தொடங்கிய நாள் எது என்று என்னைக் கேட்டால், கொடியேற்ற நாளைக் கூறமாட்டேன். அந்தப் படலை திறக்கப்பட்ட நாளையே கூறுவேன்.

அன்பான குடும்பங்களே, இஞ்ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஒரு கணம் நின்று சுற்றிலும் பாருங்கள். வழமையாக உங்கள் பக்கத்து வாங்கில் இருப்பவர் இன்று இருந்தாரா? இல்லையெனில், வீடு திரும்பும் வழியில் அவருடைய வீட்டுக்கும் சென்று வாருங்கள். அறிவுரை கூறவேண்டாம், ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யவும் வேண்டாம். “உங்களைக் காணவில்லை, அதுதான் பார்க்க வந்தோம்” என்ற சொல்லே போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்க இயலாத பாடமொன்றை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.

தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் நல்லாயனாம் இயேசு, ஒருவரையொருவர் தேடிச்செல்லும் உள்ளத்தை நம் பங்குகளுக்குத் தந்தருள்வாராக.